அரிசிக்கு ஒரு காற்று, பாயசத்துக்கு ஒரு காற்று

சாமி,

மருமகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். நேற்றுக் காலை கரமனையில் ஒரு பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்க்க நிறுத்தினோம். ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இரண்டு ஆள் படம் போட்டு அதற்கு ஒரு எண். ஐந்து ஆளும் ஒரு பெட்டியும் படம் போட்டு அதற்கு வேறொரு எண். முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு. கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் யோசித்து அச்சடித்துவிட்டான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தேன். ஒரே ஒரு ஆள், அதுவும் படுத்துக்கொண்டு போனால் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று அதில் இல்லை.

"மாமா, என்ன தேடுதிய?" என்றான் மருமகன். சொன்னால் அவனுக்கு விளங்காது. அதற்குள் பங்க்காரர் வால்வு மூடியைக் கழற்றி ஊசியை அழுத்தினார். உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று சீறிக்கொண்டு வந்தது. அந்த ரப்பர் மணம் உங்களுக்கு ஆகாது. "என்ன ஓய் இது, செத்த எலி நாத்தம்" என்று மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். பெருங்காயத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்குக்கு அத்தனை கொழுப்பு. எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. மருமகன் பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினான். நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு டயர்க் காற்றுக்கு இப்படி அழுவேன் என்று நானே நினைக்கவில்லை.

இன்று காலை முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நேரில் கேட்க வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு டெம்போவோடு திருவனந்தபுரத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஆரியசாலை மொத்தக் கடைகளில் அரிசி மூட்டை ஏற்றி, பாலராமபுரம், நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சில்லறைக் கடைகளில் இறக்குவது என் பிழைப்பு. நீங்கள் வலியசாலை அக்ரஹாரத்தில் கல்யாணச் சமையல்காரர். அங்கே தேஹண்டக்காரர் என்பார்கள். உங்களுக்கு வழக்கமாக வரும் வண்டி அன்றைக்குப் படுத்துவிட, அரிசிக் கடைக்காரர் என்னைக் கைகாட்டிவிட்டார். பூஜப்புரையில் ஒரு வீட்டில் சீமந்தம். சமையலை உங்கள் வீட்டுப் பின்கட்டில் முடித்து, பாத்திரத்தோடு கொண்டுபோய் இறக்க வேண்டும்.

நல்ல கனம் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். கனம் என்றால் எனக்குத் தெரிந்தது மூட்டைதான். பின் டயர் இரண்டையும் கல்லாக ஏற்றிக்கொண்டு வந்து நின்றேன். வழியிலிருந்த ஒரு குழியையும் வண்டி சும்மா விடவில்லை. பூஜப்புரையில் போய்க் கதவைத் திறந்தால் பால் பாயசத்தில் கால்வாசி வண்டித் தரையில் கிடந்தது. ரசம் தன் பங்குக்கு அப்பளக் கூடையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

நீங்கள் திட்டுவீர்கள், திருப்பித் திட்டலாம் என்று நான் தயாராக நின்றேன். நீங்கள் வண்டியைச் சுற்றி வந்து பின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தீர்கள்.

"ஓய், இதுல எவ்வளவு காத்து அடிச்சிருக்கீர்?"

"மூட்டைக்கு அடிக்கியதுதான் சாமி."

"அரிசிக்கு அடிக்கற காத்தைப் பாயசத்துக்கு அடிச்சா எப்படி ஓய் நிக்கும்? அரிசி தூங்கிண்டு வரும். பாயசம் முழிச்சிண்டுன்னா வரும்!"

சொல்லிவிட்டு நீங்களே சிரித்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம் எல்லோருக்கும் ஒரு கரண்டி குறைவு. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு மட்டும் இரண்டு கரண்டி விட்டீர்கள், பார்த்தேன்.

அதற்குப் பிறகு உங்களுக்கு வேறு வண்டி வந்ததில்லை. எனக்கும் அரிசி பாதி, சமையல் பாதி என்று ஆயிற்று. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சமைத்த பாத்திரத்தை உங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அண்டா, உருளி, வார்ப்பு என்று எல்லாப் பாத்திரத்தையும் உங்கள் கையாட்கள் கிட்டுவும் சேஷனும் தூக்கி ஏற்றுவார்கள். நான் தள்ளி நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. என் வண்டி தொடலாம், நான் தொடக்கூடாதா என்று மனைவியிடம் குதித்திருக்கிறேன். உங்களைச் சாமி என்று கூப்பிடுவதே என் அம்மாவுக்குப் பிடிக்காது. "நமக்குச் சாமி ஒண்ணுதாம்டே, அது பள்ளியில இருக்கு" என்று சர்ச் பக்கம் கையைக் காட்டுவாள்.

தொட முடியாததால் எனக்கு ஒரு வித்தை வாய்த்தது. பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தால்தானே கனம் தெரியும்? நான் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து டயரைப் பார்ப்பேன். ஒவ்வொரு பாத்திரம் ஏறும்போதும் டயர் தரையில் படும் இடத்தில் பக்கவாட்டில் கொஞ்சம் வயிறு தள்ளும். தள்ளுகிற அளவை வைத்துக் காற்றை இறக்குவேன், கூட்டுவேன். மூட்டைக்கு ஐம்பது பவுண்டுக்கு மேல் அடித்தால், சாம்பாரும் பிரதமன் பாயசமும் ஏறின நாளில் நாற்பதை ஒட்டி நிற்கும். திரும்பி வரும்போது பாத்திரமெல்லாம் வெறுமை. அதற்கு இன்னும் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி ஊரைக் கூட்டிவிடும்.

"கல்யாணத்துல மாப்பிள்ளையைக்கூட யாரும் இப்படி உத்துப் பாக்கலை ஓய்" என்று என்னைக் கேலி செய்வீர்கள். கேலி செய்துகொண்டே, நான் காற்றளவு பார்க்கும் கேஜைப் பையில் போட்டு எழுந்திருக்கும்வரை காத்து நிற்பீர்கள். முகூர்த்தத்துக்கு நேரமாயிற்று என்று கிட்டு துடிப்பார். "அவர் அங்க காத்துக்குப் பாகு பதம் பாத்துண்டிருக்கார், சித்தெ இரும்" என்பீர்கள். பாயசத்துக்கு நீங்கள் பாகு பார்ப்பதும் டயருக்கு நான் காற்றுப் பார்ப்பதும் உங்களுக்கு ஒரே வேலையாகத் தெரிந்தது. எனக்கு அதில் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

என் மகள் கல்யாணத்தில் மார்த்தாண்டம் சர்ச் வளாகத்தில் பிரியாணிதான். நீங்கள் முந்தின நாளே வந்து, பக்கத்து வீட்டு முற்றத்தில் தனியாக அடுப்புக் கூட்டி, ஒரு வார்ப்பு அடைப்பிரதமன் வைத்தீர்கள். பிரியாணி மிஞ்சியது. பிரதமன் வார்ப்பை என் மைத்துனன் விரலால் வழித்துக்கொண்டிருந்தான். "ஓய் தாஸ், உம்ம ஜனங்க நாக்கு நல்ல நாக்கு" என்று எனக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு உங்களுக்கு முதுகு வலித்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். தைலம் தேய்த்தீர்கள், பற்றுப் போட்டீர்கள், சமையலைக் கிட்டுவிடம் விட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதட்டினீர்கள். படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய், முதுகெலும்புக்குள் போய்விட்டது என்றார்கள். நகரத்தின் மறுகோடியில் உள்ளூர் என்ற இடத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தினமும் கொண்டுவந்து கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும், அதனால் வலி குறையலாம் என்று டாக்டர் சொன்னார். முதல் நாள் டாக்சியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். தம்பானூர் தாண்டுவதற்குள் உங்களுக்கு மயக்கம் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பேச்சை எடுத்தால் பிடிவாதம்: "மணி அடிச்சுண்டு போறதுல நான் ஏறமாட்டேன். ஊரெல்லாம் திரும்பிப் பாக்கும்."

அப்போதுதான் உங்கள் வீட்டு மாமி எனக்குச் சொல்லி அனுப்பினார். டெம்போவைக் கழுவி, மெத்தை போட்டு, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். கிட்டுவும் சேஷனும் இரண்டு பக்கமும் நின்று உங்களை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கையைக் கையைப் பிசைந்தார்கள். அண்டா தூக்கிப் பழகிய கைகள். மனுஷனைத் தூக்கத் தயங்கின. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நீர் வாரும் ஓய். மூட்டை தூக்கின ஆள்தானே."

நான் குனிந்து உங்களை இரண்டு கையாலும் எடுத்தேன். அத்தனை வருஷத்தில் உங்கள் வீட்டிலிருந்து என் கையால் தூக்கி என் வண்டியில் ஏற்றிய முதல் பாரம் நீங்கள்தான். ஆள் பார்க்க இருந்த அளவுக்குக் கனமில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்றைக்குக் காற்றை எவ்வளவோ இறக்கியிருந்தேன். ஆனால் டெம்போ சுமைக்கென்று செய்த வண்டி. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் கனம் ஏறினால்தான் வளைந்து கொடுக்கும். வெறும் வண்டி சின்னக் குழிக்கும் துள்ளும். உங்கள் உடம்பு அதற்கு ஒரு கனமே இல்லை. பாளையம் சந்திப்புக்கு முன்னால் ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. பின்னாலிருந்து சத்தம் வருமே என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், சத்தம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் மேல்துண்டை வாயில் திணித்து வைத்திருந்தீர்கள். மாமி உங்கள் தலையைத் தன் மடியில் இறுகப் பிடித்திருந்தார்.

திரும்பியதும் கிள்ளிப்பாலத்தில் டயர்க் கடை வைத்திருந்த சுகுமாரனிடம் போனேன். இன்னும் காற்றை இறக்கு என்றேன். அவன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இனி கொறச்சா டயர் சூடாயிட்டுப் பொட்டும், கேட்டோ. காத்து மாத்ரம் கொறச்சாப் போரா அண்ணா. வெயிட்டு கேற்றணும். வெயிட்டு இல்லாத்த வண்டி சாடும்."

இன்னும் இறக்கினால் டயர் வெடிக்கும், கனம் ஏற்றினால்தான் வண்டி துள்ளாது என்று அவன் மலையாளம் கலந்து சொன்னது எனக்கும் தெரிந்ததுதான். பயத்தில் மறந்துவிட்டேன். ஸ்பிரிங் அமர வேண்டுமானால் மூட்டை ஏற்ற வேண்டும். மூட்டை ஏறினால் காற்றைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் டயர் தாங்காது. காற்றைக் கூட்டினால் டயர் மறுபடியும் கல்லாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் அளவு இருந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கு வலிக்காது. எனக்கு அப்போது உலகத்தில் வேறு வேலையே இல்லை, சாமி. அரிசி நடையை நிறுத்திவிட்டேன். அரிசிக் கடைக்காரர் கேட்டபோது, உங்கள் கடை மூட்டைதான் இனி தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரப்போகிறது, வேறென்ன வேண்டும் என்றேன். நல்ல மனுஷன்; மூட்டைகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

மாமியிடம் வாயகன்ற ஒரு பாத்திரம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல், கீழே வைக்காமல், நேராக என் கையில் கொடுத்தார். உங்களை வீட்டில் விட்ட பிறகு மத்தியானம் அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மெத்தையில் உங்கள் இடுப்பு வரும் இடத்தில் வைத்து, அதே வழியில் அதே வேகத்தில் ஆஸ்பத்திரிவரை ஓட்டிப் போவேன். அங்கே நிறுத்தி விரிப்பைத் தடவிப் பார்ப்பேன். முதல் நாள் பிழிந்து காயப்போடுகிற அளவுக்கு நனைந்திருந்தது. ஒரு மூட்டையைக் கூட்டினேன், காற்றைக் கொஞ்சம் ஏற்றினேன். மூட்டைகளை அச்சுக்கு நேர் மேலே தள்ளி வைத்தேன். மறுபடி காற்றை ஊசி முனையளவு இறக்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் காவல் நின்றவர், தினமும் ஒரு பாத்திரத் தண்ணீரை மெத்தையில் படுக்க வைத்துக் கொண்டுவருகிறவனைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

ஒருநாள் விரிப்பு காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை. எனக்கு நடுரோட்டில் ஆட வேண்டும்போல் இருந்தது. மறுநாள் காலை உங்களை ஏற்றும்போதே சொல்லிவிட்டேன்: "சாமி, நேத்து ஒரு துளி சிந்தல பாத்துக்கிடுங்க."

"பேஷ். அப்ப நானும் பாயசமாக்கும்" என்றீர்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வழக்கம்போலக் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "தேவலை ஓய்" என்றீர்கள். அதற்கு முந்தின நாளும் தேவலை என்றுதான் சொன்னீர்கள். அதற்கும் முந்தின நாள், விரிப்பு நனைந்த நாளிலும் அதே தேவலைதான். அதை நான் யோசிக்கவில்லை.

மூட்டை விஷயம் தெருவில் பரவியதும் கிட்டு வந்து நின்றார். "மூட்டை எதுக்கு தாஸ்? நாங்க இருக்கோமே. நாங்க உக்காந்துக்கறோம்." வேலையில்லாத நாட்களில் உங்கள் சமையல் கூட்டமே வண்டியில் ஏறிக்கொண்டது. எனக்குத் தலைவலி கூடியது. கிட்டு தனியாளாக ஒன்றரை மூட்டை. சேஷன் அரை மூட்டைக்குக் காணமாட்டார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துத் தினமும் காலையில் காற்றை மாற்ற வேண்டும். அவர்கள் ஏறி உட்கார்ந்ததும் நான் பின்னால் போய்க் குந்துவேன். "எங்களை எடை போடறார் ஓய் இவர்" என்று கிட்டு கத்துவார். "நீர் காலம்பற எத்தனை இட்லி சாப்பிட்டீர்னு அந்த டயர்கிட்ட கேட்டுண்டிருக்கார்" என்று நீங்கள் படுத்தபடியே சொல்வீர்கள். சிரித்தால் முதுகில் பிடிக்கும். பிடித்தாலும் சிரித்தீர்கள். வழியெல்லாம் புளிஇஞ்சியில் வெல்லம் எப்போது போடுவது என்று அவர்கள் சண்டை பிடிக்க, நீங்கள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வருவீர்கள். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி நடை ஒரு கல்யாண நடை மாதிரியே இருந்தது.

பிறகு முகூர்த்த மாசம் வந்துவிட்டது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, பிழைக்க வேண்டும். ஒருவர் ஒருவராகக் குறைந்தார்கள். நான் மறுபடி மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டேன். ஒருநாள் வண்டி கிளம்பியதும் கேட்டீர்கள்.

"இன்னிக்கு யாரு ஓய் வந்திருக்கா?"

"யாருமில்ல சாமி. அரிசிதான்."

"என்ன அரிசி?"

"புழுங்கல்."

"என்னோட வரதுக்குப் பச்சரிசி கிடைக்கலையா உமக்கு?"

நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தினமும் உங்களைத் தூக்கினவன் நான். உங்கள் உடம்பு குறைந்துகொண்டே வந்தது டயருக்குத் தெரியாது. அத்தனை கிலோ அரிசிக்கு நடுவில் நீங்கள் தேய்ந்ததை அந்த ரப்பர் எங்கே கண்டது? என் கைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் என் முழங்கை சுலபமாக மடங்கியது. கடைசி நாட்களில் உங்கள் இடுப்பு என் விலாவில் இடிக்கும், எலும்பு குத்தும். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

கரண்ட் வைத்தது போதும், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளில், வரும் வழியில் சாலைக் கடைத்தெரு வழியாகப் போகச் சொன்னீர்கள். நான் மாட்டேன் என்றேன். அங்கே கூட்டம், ரோடும் மோசம், மூட்டை இறக்கும் வண்டிகள் நகராது. "நான் சொல்றதைக் கேளும் ஓய்" என்று பழைய குரலில் அதட்டினீர்கள். போனேன். நினைத்தபடியே மாட்டிக்கொண்டோம். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தீர்கள். "வத்தல் மொளகா... மல்லி... இது யாரு, சுக்கு இறக்கறா" என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். ஒன்றும் தப்பவில்லை. ஆரியசாலை முக்கில் பெருங்காயக் கடையைத் தாண்டும்போது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மாமி உங்கள் கண்ணோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

அதற்குப் பிறகு சில நாட்கள்தான். ஒரு காலை நேரத்தில் சேஷன் வந்து சொன்னார். நான் வண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் வழக்கத்தில் தோளில்தான் கொண்டுபோவார்களாம். தெரியாமல் வந்துவிட்டேன். தெரு ஓரத்தில் வண்டியோடு நின்றேன். கிட்டு முன்பக்கம் தோள் கொடுத்திருந்தார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. நடக்கிறவர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நானும் நடந்தேன்.

பதிமூன்றாம் நாள் மாமி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பின்கட்டு வாசலில் நின்றேன். அடுப்பைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். மாமி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எனக்கே ஓர் ஆறுதல் இருந்தது, அதைச் சொன்னேன்.

"மாமி, ஒண்ணு மட்டும் மனசுக்கு ஒரு சமாதானம் பாத்துக்கிடுங்க. சாமியை நோவில்லாம கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். ஒரு துளி தண்ணி சிந்தல."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாஸ், உங்ககிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருந்தார். என்னால வெச்சுண்டிருக்க முடியலை" என்றார்.

"என்ன மாமி?"

"நீங்க தூக்கிண்டு வந்து படுக்க வெச்சேளே, அப்பறம் பல்லைக் கடிச்சுண்டு கிடப்பார். என் கையைப் பிடிச்சுப்பார், நெரிச்சுடுவார். உங்க வண்டி தெருமுனை திரும்பற சத்தம் கேக்கணும் அவருக்கு. அது கேட்டப்பறம்தான் வாயை விட்டு அலறுவார்."

"என்னைக்கு மாமி?"

"தெனமும்தான். மொதல் நாள்லேருந்து."

பிறகு அவரே சொன்னார்: "வண்டியால வந்த வலியோ, வியாதியோட வலியோ, எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்க மனசுல வெச்சுக்காதீங்கோ. 'பாவம்டி அவன், அந்தத் தண்ணியை வெச்சுண்டு ஊரைச் சுத்தறான், அவன்கிட்ட போய் என்னத்தைச் சொல்றது'ம்பார்."

சாமி, உங்களை இறக்கிவிட்டு நான் உடனே போனேனா? ஒருநாளும் போகவில்லை. மாமி கொடுத்த காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். விரிப்பை உதறி மடித்தேன். பின்னால் குந்தி டயரைப் பார்த்து, நாளைக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் விசாரித்தால் தண்ணீர் சிந்தாத கதையை முதலிலிருந்து சொன்னேன். பெருமை தாங்காமல் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் மாமியின் கையை நெரித்துக்கொண்டு, இவன் எப்போது கிளம்புவான் என்று காத்துக் கிடந்தீர்கள்.

எனக்கு உங்கள் மேல் தீராத கோபம் உண்டு. உப்பு ஒரு கல் கூடினால் சேஷனைத் தெருக் கேட்கத் திட்டுகிற வாய் உங்களுடையது. பாகு பதம் தவறினால் வார்ப்போடு கவிழ்க்கச் சொன்ன மனுஷர். என் காற்று சரியில்லை என்று மட்டும் ஏன் சொல்லவில்லை? வலிக்கிறது ஓய் என்று ஒருநாள் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது செய்து பார்த்திருப்பேனே. என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இருந்தாலும் சொல்லியிருக்கலாம். மூட்டை கூடின நாளா, கிட்டு வந்த நாளா, காற்று குறைந்த நாளா, எந்த நாளில் கொஞ்சமாவது குறைவாக வலித்தது? இதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும் என்றேன்.

டெம்போவை அப்போதே விற்றுவிட்டேன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பைய ஓட்டுவான், குலுக்காமல் கொண்டுவருவான் என்று எனக்குப் பெயர். மருமகனின் பழைய கார் என்னிடம்தான் இருக்கிறது, போகிறேன். காற்றுப் பார்க்கிறேன், ஆளைப் பார்த்து இறக்குகிறேன், ஏற்றுகிறேன். திரும்பக் கொண்டுவந்து விட்டால் வாசலில் நிற்பதில்லை. உட்காருங்கள், ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்பார்கள். வேண்டாம் என்று ஏறிவிடுவேன். எப்படி இருந்தது என்று நோயாளியிடம் கேட்பதுமில்லை. தலைக்கனம் பிடித்தவன் என்று என் மனைவியிடம் குறை சொல்கிறார்களாம். சொல்லட்டும். வண்டியைக் கிளப்பிச் சீக்கிரமாகத் தெருமுனைக்குப் போய், திரும்பும்போது ஹாரனை நன்றாக ஒரு தரம் அடிக்கிறேன். உள்ளே படுத்திருப்பவருக்கு நான் போய்விட்டேன் என்று கேட்க வேண்டும்.